டோல் கட்டிக் களைத்தவர் பணத்தை டோல் கம்பெனியிலேயே போடலாமா?

பூச்சோங்கிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். வயது 57. சன்வே பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. மகன் வேலைக்குப் போகிறான், மகள் கல்லூரியில் இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டும். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் 210,000 ரிங்கிட் இருக்கிறது. வேலைக்குப் போன காலமெல்லாம் எல்டிபி எனும் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலையில் டோல் கட்டியவர். அவருடைய மச்சான் இப்போது ஒரு யோசனை கொண்டு வந்திருக்கிறார். "அத்தான், நாள் தவறாமல் காசு விழுகிற உண்டியல் இது. சந்தை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, ஜனங்கள் டோல் கட்டித்தானே ஆக வேண்டும்? இத்தனை வருடம் கட்டினீர்கள், இனிமேல் வாங்குகிற பக்கம் வந்துவிடுங்கள்" என்கிறாராம்.

யோசனை இரண்டு பங்காக இருக்கிறது. 150,000 ரிங்கிட்டைப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட டோல் நிறுவனத்தில் போடுவது. மீதி 60,000 ரிங்கிட்டை, ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த, இன்னும் பட்டியலுக்கு வராத ஒரு 'மேம்பால நெடுஞ்சாலைக் கம்பெனி'யில் போடுவது. இந்த இரண்டாவதில் மாதம் 2 விழுக்காடு உத்தரவாதமாம், மச்சான் ஏற்கெனவே 5,000 ரிங்கிட் கட்டிவிட்டாராம், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். "எல்டிபி கம்பெனி எவ்வளவு வளர்ந்துவிட்டது, அதன் பங்கு கிடைத்தால் அதையே வாங்கலாமா?" என்றும் கேட்டிருக்கிறார். வீட்டில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, தம்பி பேச்சாயிற்றே.

ஐயா, உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுக்காமல், அவசரமானதை முதலில் எடுக்கிறேன்.

அந்த 60,000 ரிங்கிட்

வேண்டாம். இதில் நிறைகுறை பார்க்க ஒன்றுமில்லை.

இந்த நாட்டில் யாரும் நினைத்த மாத்திரத்தில் ஒரு டோல் சாலை கட்டிவிட முடியாது. அரசாங்கத்தோடு கன்செஷன் ஒப்பந்தம், அதாவது சாலையைக் கட்டிக் குறிப்பிட்ட காலம் வசூலிக்கும் உரிம ஒப்பந்தம் வேண்டும், டோல் வசூலிக்கும் அதிகாரமே 1984ஆம் ஆண்டின் கூட்டரசுச் சாலைகள் தனியார் நிர்வாகச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது, மேற்பார்வைக்கு மலேசிய நெடுஞ்சாலை வாரியம் இருக்கிறது. அப்படி ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானால் பத்திரிகையில் வரும், அமைச்சர் பேசுவார், எதிர்க்கட்சி கேள்வி கேட்கும், அந்தப் பக்கத்துக் குடியிருப்பாளர்கள் பதாகை பிடித்து நிற்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தெரிந்த ஒரு நெடுஞ்சாலையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது மாதம் 2 விழுக்காடு. வருடத்துக்கு 24. உங்கள் பணத்துக்கு மாதாமாதம் 1,200 ரிங்கிட் வர வேண்டும், அதுவும் இன்னும் ஒரு தூண் கூட எழும்பாத சாலையிலிருந்து. கட்டுமானம் நடக்கிற காலத்தில் ஒரு டோல் கம்பெனிக்கு வருமானமே கிடையாது, செலவு மட்டும்தான். பிறகு எந்தக் காசை எடுத்து உங்களுக்குத் தருவார்கள்? உங்களுக்குப் பின்னால் சேருகிறவரின் காசைத்தான்.

பணத்தை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே எனக்குப் போதும். பொதுமக்களிடம் முதலீடு திரட்டுவதற்கு 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை மற்றும் சேவைகள் சட்டம் விதிகள் வைத்திருக்கிறது. பங்கு ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலும், எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன. மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது. மகளை உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் கம்பெனி சுத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பெயர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உரிமப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மச்சான் கட்டிய 5,000 ரிங்கிட் பற்றி: அவர் இப்போதே தன் வங்கியை அழைக்க வேண்டும், 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணையும் அழைக்க வேண்டும், போலீஸ் புகாரும் கொடுக்க வேண்டும். பணம் போய் எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவுக்கு மீட்கும் வாய்ப்பு குறையும். "ஏமாந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது" என்று நாட்களைக் கடத்துவதுதான் இதில் பெரிய நஷ்டம்.

எல்டிபி கம்பெனி எங்கே போனது?

இப்போது கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். நீங்கள் சொல்வது சரி, எல்டிபியை நடத்திய லித்ராக் நிறுவனம் நன்றாகத்தான் வளர்ந்தது. 1996இல் ஒப்பந்தம், 1999இல் சாலை திறப்பு, ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தோட்டமும் ஈயக் குட்டையுமாகக் கிடந்த பூச்சோங் பிறகு எப்படி மாறியது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலை வந்ததால் வீடுகள் வந்தன, வீடுகள் வந்ததால் கார்கள் வந்தன, கார்கள் வந்ததால் சாவடியில் காசு சேர்ந்தது. அப்புறம் ஸ்பிரிண்ட் நெடுஞ்சாலையிலும் அந்த நிறுவனம் பாதிப் பங்கு வைத்திருந்தது. 2015 அக்டோபரில் ஒரே நாளில் 18 நெடுஞ்சாலைகளில் டோல் ஏறியது ஞாபகம் இருக்கும், எல்டிபியில் 1.60 ரிங்கிட்டிலிருந்து 2.10 ஆனது.

ஆனால் அந்தப் பங்கை இன்றைக்கு நீங்கள் வாங்க முடியாது. 2022இல் எல்டிபி, ஸ்பிரிண்ட், கெசாஸ், ஸ்மார்ட் சுரங்கப்பாதை ஆகிய நான்கையும் அமானாட் லெபுராயா ரக்யாட் என்ற அமைப்பு 5.48 பில்லியன் ரிங்கிட் மதிப்பில் வாங்கிக்கொண்டது. சுக்குக் எனும் இஸ்லாமியப் பத்திரம் விற்றுத் திரட்டிய கடன் பணம் அது. இந்த அமைப்பு யாருக்கும் லாப ஈவு கொடுப்பதில்லை. டோலை ஏற்றாமல் வசூலித்து, கடனை அடைத்து முடித்ததும் சாலைகளை அரசிடம் ஒப்படைத்துவிடுவதுதான் ஏற்பாடு. லித்ராக் விற்ற பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சந்தையிலிருந்தும் விலகிவிட்டது.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் மறைந்திருக்கிறது. இதே நான்கு சாலைகளை வாங்க 2019இல் அப்போதைய அரசாங்கம் பேசிய மதிப்பு 6.2 பில்லியன் ரிங்கிட். ஆட்சி மாறியதில் அது நின்றுபோனது. மூன்று வருடம் கழித்து அதே சாலைகள், அதே சாவடிகள், ஆனால் மதிப்பு 5.48. இடையில் கோவிட் வந்தது, பேரத்தின் நிபந்தனைகளும் வேறு, ஆனாலும் முக்கியமான ஒரு காரணம் எளிமையானது: வசூல் செய்ய மிச்சமிருந்த காலம் மூன்று வருடம் குறைந்துவிட்டது. எல்டிபியின் பழைய ஒப்பந்தம் 2030 வரைதான்.

இதைத்தான் உங்கள் மச்சான் கணக்கில் சேர்க்கவில்லை. டோல் கம்பெனிக்குச் சாலை சொந்தமில்லை, ஐயா. சாலை அரசாங்கத்துடையது, கம்பெனியிடம் இருப்பது ஒரு முடிவு தேதி போட்ட குத்தகை. வீடோ நிலமோ வைத்திருந்தால் வாடகையும் வாங்கலாம், இருபது வருடம் கழித்து அதை விற்கவும் செய்யலாம். இங்கே குத்தகை முடிகிற நாளில் கம்பெனி சாவடியைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

கையில் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கற்பனைக் கணக்கு. இன்னும் 20 வருடம் உரிமம் உள்ள ஒரு சாலையில் 100 ரிங்கிட் போடுகிறீர்கள். வருடம் 7 ரிங்கிட் தருகிறார்கள். "7 விழுக்காடு" என்று விளம்பரத்தில் வரும். 20 வருடத்தில் 140 ரிங்கிட் கைக்கு வரும். கடைசியில் அசல் என்று ஒன்று இருக்காது, ஏனென்றால் உரிமம் முடிந்துவிட்டது. அப்படியானால் உங்கள் 100 ரிங்கிட்டைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக உங்களிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான வட்டி என்ன என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 3.4 விழுக்காடுதான் வரும். அது ஒரு நல்ல நிரந்தர வைப்புக் கணக்குக்குப் பக்கத்தில் நிற்கிற எண். டோல் ஏறினால், வண்டி கூடினால், உரிமக் காலத்தை நீட்டினால் இது உயரும். மூன்றும் உங்கள் கையில் இல்லை.

இன்றைக்குச் சந்தையில் இருக்கும் உதாரணத்தையே பார்ப்போம். புரோலிந்தாஸ் இன்ஃப்ரா பிசினஸ் டிரஸ்ட் 2024 மார்ச்சில் ஓர் அலகு (பங்கு மாதிரிதான்) 95 சென் விலையில் பட்டியலுக்கு வந்தது. அதற்குள் இருப்பவை நான்கு நகர நெடுஞ்சாலைகள்: அம்பாங் மேம்பால நெடுஞ்சாலை, கத்ரி காரிடார், கெமுனிங் ஷா ஆலாம், காஜாங் சில்க். அதற்கு முன்பே 2022 அக்டோபரில் இந்தச் சாலைகளில் டோலைக் குறைத்து, ஈடாக உரிமக் காலத்தை நீட்டிக்கொண்டார்கள். ஆனால் 2022இல் திறக்கத் தொடங்கிய, அதே குழுமத்தின் டாஷ், சுகே நெடுஞ்சாலைகள் இரண்டும் அந்த டிரஸ்டுக்குள் வரவில்லை. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. புதுச் சாலைக்குக் கட்டுமானக் கடன் கழுத்து வரை இருக்கும், வண்டிகள் பழக வருடங்கள் பிடிக்கும். பிசினஸ் டிரஸ்டில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: லாபக் கணக்கிலிருந்து மட்டுமல்லாமல் கையில் இருக்கும் ரொக்கத்திலிருந்தும் அலகுதாரர்களுக்குப் பணம் வழங்க முடியும். தவறான வேலை ஒன்றுமில்லை, சட்டம் அனுமதிப்பதுதான். ஆனால் வந்த பணம் முழுவதையும் லாபம் என்று நினைத்துச் செலவழித்தால் அசலைச் சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். நான் இதை வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள் என்கிறேன்.

ஜாம் கூடினால் வருமானம் கூடுமா?

"சாயங்காலம் ஐஒஐ மால் முன்னால் கார் நகரவே மாட்டேன் என்கிறது, எவ்வளவு காசு சேரும் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நன்றாக ஓடுகிற நெடுஞ்சாலையில் ஒரு தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 2,000 கார்கள் போகலாம் என்பது சாலைப் பொறியாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. ஜாம் ஆகிவிட்டால் அது குறையும். நகராத காரிலிருந்து 'டீக்' என்று சத்தம் வராது, சாவடியைக் கடந்தால்தான் காசு. நகரத்து டோல் சாலை ஒரு கட்டத்துக்குப் பிறகு நிரம்பிவிடும், அதற்கு மேல் உச்ச நேரத்தில் வண்டி கூட இடமே கிடையாது. பக்கத்தில் கடை, கோண்டோ, லாட்வீடு என்று நிற்கும்போது தடத்தை அகலப்படுத்துவதும் லேசில்லை. பிறகு வளர்வதற்கு ஒரே வழி கட்டணம். கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்குக் கீழே வருகிறேன்.

இன்னொரு விஷயம், அந்த ஜாமில் உங்கள் காருக்கு இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பார்த்தீர்களா? எல்டிபியில் அவற்றுக்கு டோல் இல்லை.

மக்கள் டோல் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் முழு உண்மையில்லை. 2016இல் எல்ஆர்டி ரயில் பூச்சோங் வழியாக புத்ரா ஹைட்ஸ் வரை வந்தது, எல்டிபிக்குப் பக்கத்திலேயே தூண் நட்டு ஓடுகிறது. மாதம் 50 ரிங்கிட் பாஸ் வாங்கினவர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சாவடிகள் காற்று வாங்கின. உண்டியலில் நாள் தவறாமல் காசு விழும் என்பவர் அந்த மாதங்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விழுகிற 2.10 ரிங்கிட்டும் உங்களுக்கு வராது. முதலில் கடன்காரருக்கு வட்டியும் அசலும், அடுத்து சாலைக்குத் தார், விளக்கு, சாக்கடை, சரிவுப் பாதுகாப்பு, சம்பளம், அப்புறம் வரி. எல்லாரும் எடுத்த பிறகு மீதி இருந்தால் பங்குதாரர். ஆண்டறிக்கையில் வருமானத்தைப் பார்த்து மயங்காமல், கடன் எவ்வளவு, அது எந்த வருடம் முடிகிறது என்று தேடிப் பாருங்கள்.

தேர்தலும் டோலும்

ஒப்பந்தத்தில் எந்த வருடம் கட்டணம் ஏற வேண்டும் என்று எழுதியிருக்கும். ஆனால் ஏற்றலாமா என்று சொல்வது அரசாங்கம். எந்த அரசாங்கத்துக்கும் டோல் ஏற்றப் பிடிக்காது, எல்லாக் கட்சிக்கும் டோல் ஒரு மேடைப் பேச்சு. ஏற்றம் தள்ளிப்போனால் கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அதனால் "அரசாங்கம் கம்பெனியை விட்டுவிடாது" என்று மச்சான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், அந்த நஷ்டஈடு பேச்சுவார்த்தையில் முடிவாகிக் காலம் தாழ்ந்து வரலாம், பணத்துக்குப் பதில் உரிமக் காலத்தை நீட்டித் தருகிறோம் என்று சொல்லலாம். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பிளஸ் நெடுஞ்சாலையில் 2020 பிப்ரவரியில் டோலை 18 விழுக்காடு குறைத்தார்கள், ஒப்பந்தம் 2058 வரை நீண்டது. நிறுவனத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை என்று வாதிடலாம். ஆனால் 57 வயதில் இருக்கும் உங்களுக்கு 2050க்கு மேல் வரப்போகும் வருமானத்தால் என்ன பிரயோஜனம், மாதா மாதம் மளிகை வாங்கக் காசு வேண்டியது இப்போதல்லவா?

சில சாவடிகள் ஒரேயடியாக மூடப்படுவதும் உண்டு. 2018 ஜனவரி முதல் தேதி பத்து தீகா, சுங்கை ராசாவ் இரண்டிலும் வசூல் நின்றது நமக்கெல்லாம் சந்தோஷம்தான். பங்குதாரராக உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சந்தோஷம் வேறு மாதிரி இருக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் 210,000 ரிங்கிட்டை என்ன செய்வது?

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். "வாங்குகிற பக்கம்" நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள். பிளஸ் நிறுவனத்தின் 49 விழுக்காடு இபிஎஃப் கையில் இருக்கிறது, மீதி அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானாவின் யுஇஎம் குழுமத்திடம். நீங்கள் தாப்பா போகும்போது கட்டுகிற டோலில் ஒரு துளி உங்கள் கணக்குக்கே வருகிறது. அந்த ஒரு சாலையை மட்டும் நம்பாமல் பத்திரம், பங்கு, கட்டடம் என்று பல இடங்களில் பரப்பி வைத்து, 2023இல் 5.50 விழுக்காடும் 2024இல் 6.30 விழுக்காடும் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமான சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு சட்டப்படி உத்தரவாதமும் உண்டு. எந்த டோல் பங்குக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

55 வயதாகிவிட்டால் எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்று நம் ஆட்களில் நிறையப் பேர் நினைக்கிறார்கள், உங்கள் கடிதத்திலும் அந்த வாடை அடிக்கிறது. கட்டாயமில்லை. 55 வயதில் இபிஎஃப் சேமிப்பு போய்ச் சேரும் அக்கவுன் 55இல் பணத்தை விட்டுவைத்து, தேவையானபோது தேவையான அளவு எடுக்கலாம். 100 வயது வரை லாப ஈவு ஓடும்.

என் யோசனை இதுதான். மகளின் இரண்டு வருடப் படிப்புச் செலவையும், வீட்டின் ஒரு வருடச் செலவையும் தனியாகக் கணக்குப் போட்டு, அதைச் சந்தைக்குப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். மீதியை இபிஎஃப்பிலேயே வைத்து மாதாமாதம் ஒரு தொகை எடுங்கள். அதற்குப் பிறகும் டோல் ஆசை விடவில்லை என்றால், சரி, மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 10,000 ரிங்கிட் அளவுக்குப் பட்டியலிட்ட டிரஸ்டில் உங்கள் பெயரிலேயே சிடிஎஸ் எனும் பங்கு வைப்புக் கணக்கு திறந்து வாங்குங்கள். மச்சான் பெயரில் வாங்கிப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம், அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த அலகுகள் அவருடைய வாரிசுகளிடம் போகும், நீங்கள் வழக்கு போட்டு நிரூபிக்க வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் ஆண்டறிக்கையில் ஒவ்வொரு சாலையின் உரிமமும் எந்த ஆண்டு முடிகிறது, தினசரி வண்டி எண்ணிக்கை முந்தைய வருடத்தைவிடக் கூடியதா, கொடுத்த பணத்தில் லாபம் எவ்வளவு, ரொக்க இருப்பிலிருந்து எடுத்தது எவ்வளவு என்பதைப் பாருங்கள். வருகிற பணத்தில் ஒரு பகுதியை அசலாக நினைத்து மறுபடி இபிஎஃப்பிலேயே சுயமாகக் கட்டிவிடலாம்.

மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். பெரிய விளக்கம் வேண்டாம். "பணம் மகள் படிப்புக்கும் உன் அக்காள் வைத்தியத்துக்கும் ஒதுக்கியாகிவிட்டது" என்று சொன்னால் போதும், அக்காள் பெயரைச் சொன்ன பிறகு எந்தத் தம்பியும் வற்புறுத்த மாட்டான். அதைவிட முக்கியம், அவருடைய 5,000 ரிங்கிட். நாளைக்குக் காலையிலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு எண், அந்த வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், குழுவிலிருந்து அவர் வெளியேறுவதற்கு முன்பே.